வைரக் கத்தியும் பட்டுக்கோட்டைத் தேங்காயும்

இந்த மலரைக் கையில் வாங்கியதும், "எழுத்து ஏன் இவ்வளவு பொடியா இருக்கு?" என்று கையை நீட்டியும் மடக்கியும் வெளிச்சத்துக்குத் திருப்பியும் பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, குறை அச்சகத்தில் இல்லை. அப்பா இருந்திருந்தால், "எழுத்து சரியாத்தான் இருக்குங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வேணாம், சாப்பிட்டுட்டே ஆஸ்பத்திரிப் பக்கம் வாங்க" என்று சொல்லியிருப்பார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய ஒரே மகளும், அதே ஆஸ்பத்திரியில் அதே கண் வைத்தியத்தைச் செய்பவளுமான நான் அவர் சார்பில் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நம் வீடுகளுக்கு வரும் நினைவு மலர்களை எல்லாம் நான் ஒன்று விடாமல் படிப்பவள். அவற்றில் மறைந்தவர்கள் யாருக்கும் கோபமே வந்ததில்லை. ஈ எறும்புக்கும் தீங்கு நினைத்ததில்லை. எங்கள் அப்பா அப்படி இல்லை. அவருக்குக் கோபம் வரும், நன்றாகவே வரும். மாற்றி எழுதினால் அம்மா சும்மா விடமாட்டார். "யாரைப் பத்தி எழுதியிருக்கே? பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தியா?" என்று கேட்பார்.

அப்பா பிறந்தது ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில். தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம், நிறைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தம் சிறு வயதிலேயே அப்பா தகர்த்துவிட்டார். நாற்றுப் பறிக்கப் போனால் அவர் பறித்துக் கட்டிய முடியில் நாற்றைவிடச் சேறு அதிகம் இருக்கும். அறுப்புக்குப் போனால் கதிரைத் தவிர மற்றதெல்லாம் அறுபடும். சுண்டுவிரலில் ஒரு தழும்பு, முழங்காலுக்குக் கீழே ஒன்று, பக்கத்தில் நின்று அறுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் வேட்டியில் ஒரு கிழிசல் என்று ஒரே போகத்தில் கணக்கைத் தீர்த்தார். "இவனை வயலுக்கு விட்டா நமக்கு நெல்லு மிஞ்சும், இவனுக்குக் கை மிஞ்சாது. பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்" என்று தாத்தா சொல்லிவிட்டாராம். படிப்பு வந்ததால் டாக்டரானவர்கள் உண்டு. அப்பா அரிவாள் வராததால் டாக்டரானார்.

அதே கைதான், நுண்ணோக்கிக்குக் கீழே போனதும் வேறு கையாகிவிடும். கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸைச் சுற்றி ஓர் உறை உண்டு. வெங்காயத்தின் உள்தோலைவிடப் பன்மடங்கு மெல்லியது. புரையை எடுக்கும் முன் அதன் முன்பக்கத்தை நுனி கூரிய ஓர் இடுக்கியால் பிடித்து வட்டமாகக் கிழித்து எடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடும். அப்பா எடுக்கும் வட்டம் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். இதை நான் மகளாகச் சொல்லவில்லை, அதே வேலையைச் செய்கிறவளாகப் பொறாமையோடு சொல்கிறேன். "அதெப்படிப்பா, இங்கே இப்படி, வீட்டுல அப்படி?" என்று ஒரு முறை கேட்டேன். "பெரிய சாமானா இருந்தா அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு என் கைக்குத் தெரிய மாட்டேங்குதும்மா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

சட்டைப் பொத்தானும் அவருக்குப் பெரிய சாமான்தான். எப்போதும் ஒரு காஜா தள்ளித்தான் போடுவார். ஒரு பக்கம் கழுத்து ஏறி, மறு பக்கம் இறங்கி நிற்கும். அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் மறித்து நின்று, எல்லாப் பொத்தானையும் கழற்றி முதலிலிருந்து போட்டு அனுப்புவார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இது நடந்தது. இருவரும் பேசிக்கொள்ளாத நாட்களிலும் இது மட்டும் நடந்தது.

அம்மா பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் வீட்டுப் பெண். அந்த வீட்டில் ஒரு வழக்கம். மறுவீட்டு விருந்துக்கு வரும் புது மாப்பிள்ளை, மண்டியில் நட்டிருக்கும் பாரையில் ஒரு தேங்காயை உரித்து, அரிவாளின் முதுகால் தட்டி உடைத்துக் காட்டினால்தான் இலை போடுவார்கள். கேலிக்குத்தான். எந்த மாப்பிள்ளையும் இரண்டு குத்துக் குத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விடுவார். அப்பா அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். பாரையில் ஓங்கிக் குத்தியதில் தேங்காய் வழுக்கி உருண்டு, எடைத்தராசைத் தள்ளிவிட்டுத் தெருவுக்குப் போயிற்று. பாவம் பார்த்து உரித்த தேங்காய் ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் போட்டில் அரிவாளின் பிடி கழன்றது. அடுத்த போட்டில் தேங்காய் இரண்டாக உடையாமல் தூள் தூளாகி, தேங்காய்த் தண்ணீரெல்லாம் மாமனாரின் புதுச் சட்டையில் தெறித்தது. "பரவாயில்லீங்க மாப்பிள்ளை. பிள்ளையாருக்குச் சிதறுகாய் விட்டதா நெனச்சுக்குவோம்" என்றாராம் அந்தப் பட்டுக்கோட்டைத் தாத்தா.

கதவுக்குப் பின்னால் நின்று அம்மா இதையெல்லாம் பார்த்திருக்கிறார். அன்றே முடிவெடுத்துவிட்டார். "இந்த மனுசனை நம்பி என்ன வேணா குடுப்பேன். கண்ணை மட்டும் குடுக்க மாட்டேன். மூணு கண்ணு இருக்கிற தேங்காயையே இந்தப் பாடு படுத்துறார், எனக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு" என்பார். சும்மா சொல்லவில்லை. கண்ணில் தூசி விழுந்தால்கூட அப்பாவிடம் காட்ட மாட்டார், முந்தானையை ஊதி ஒற்றிக்கொள்வார். மாயவரத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்து அப்பாவின் கைக்காகக் காத்திருந்தார்கள். அவர் வீட்டுக்குள்ளே மட்டும் அந்தக் கைக்கு மதிப்பில்லை. அப்பா சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் கருவிப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது. உள்ளே சிலிக்கான் விரல்கள் முளைத்த ஒரு தட்டு, அதன் மேல் ஒன்றையொன்று தொடாமல் படுத்திருக்கும் இடுக்கிகள், கொக்கிகள், இமையை விரித்துப் பிடிக்கும் கம்பி, நகம் அளவே வாயுள்ள கத்தரிகள். ஒவ்வொன்றின் நுனிக்கும் ஒரு சின்னக் குழாய்த் தொப்பி. கழுவிக் கொதிகலனில் வைக்கும் முன் ஒவ்வொரு நுனியையும் நுண்ணோக்கியில் பார்ப்பார். இடுக்கியின் இரண்டு நுனிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அன்று யாருக்கும் நல்ல நாள் இல்லை. அவருடைய கோபம் முழுவதும் இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் குடியிருந்தது.

மாமா ஒரு முறை ஊரிலிருந்து வந்தபோது காலில் கருவேல முள் ஏறிவிட்டது. மேசை மேல் இருந்த ஓர் இடுக்கியை எடுத்து முள்ளைப் பிடுங்கிவிட்டார். அப்பா வந்து பார்த்தார். முதலில் இடுக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் காலைப் பார்த்தார். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். "என் காலு ரத்தமா ஊத்துது. இவர் என்னடான்னா, 'மூக்கு கோணிடுச்சே, மூக்கு கோணிடுச்சே'ங்கிறாரு. யாரு மூக்குன்னு நான் என் மூக்கைத் தடவிப் பாக்கிறேன்!"

அதைவிடப் பெரியது ஆயுத பூசைக் கலவரம். அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி தொடங்கிய புதிதில், காவலாளி சாமிக்கண்ணு அண்ணன் விடியற்காலையிலேயே வந்து, அறுவை அரங்கில் இருந்த கருவிகளை எல்லாம் எடுத்துத் துடைத்து, வாழை இலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டிருக்கிறார். அதுவும் அக்கறையாக நுனியிலேயே. "கத்திக்கு எங்க பொட்டு வைக்கிறது? வாயிலதானே வைக்கணும்?" என்பது அவர் வாதம். அப்பா இலையைப் பார்த்ததும் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முழுவதும் அப்பாவும் அறுவை அரங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா சிஸ்டரும் காய்ச்சி வடித்த நீரில் கருவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கொக்கியின் வளைவிலிருந்து மட்டும் ஒரு வாரத்துக்குச் சந்தன வாசம் வந்தது என்று சிஸ்டர் சொல்வார். அதன் பிறகு சமரசம் ஏற்பட்டது. பெட்டி மூடியே இருக்கும், மூடியின் மேல் ஒரு பொட்டு. தேங்காயை மட்டும் அம்மா வந்து உடைத்துக் கொடுப்பார். முதலாளிதான் உடைக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. எல்லாரும் மறுவீட்டுச் சம்பவத்தைக் கேள்விப்பட்டவர்கள்.

அப்புறம் அந்த வைரக் கத்தி. கருவிழியின் ஓரத்தில் சின்ன வாசல் வெட்டுவதற்கு வைர நுனி பதித்த கத்தி ஒன்று உண்டு. அப்பா வெகுநாள் ஆசைப்பட்டு வாங்கினார். செய்தி பட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது கத்தி வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது, வைரம் மட்டும் சேர்ந்தது. பெரியம்மா அடுத்த பேருந்திலேயே வந்து இறங்கினார். "எங்கடி, போட்டுக் காட்டு!" அம்மா ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்க்க, அப்பா பெருமையோடு பெட்டியைத் திறந்து, பேனாவைப் போன்ற பிடியைத் திருகி, உள்ளிருந்து நுனியை வெளியே வரவைத்துக் காட்டினார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "எங்க இருக்கு?" என்றார். "கிட்ட வராதீங்க, மூச்சுக்காத்து படும்" என்றார் அப்பா. "கட்டினவ காதுக்கு ஒரு வைரத்தோடு இல்லை, கத்திக்கு வைரமாம்! காலம் கெட்டுக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.  அதற்குப் பிறகு வீட்டில் எது கேட்டு மறுக்கப்பட்டாலும், "ஆமா, நான் என்ன கத்தியா?" என்பார்.

நம் பக்கத்து ஜனங்களின் கண்ணுக்கும் காவிரிக்கும் உள்ள உறவை அப்பா நன்றாக அறிந்தவர். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஆஸ்பத்திரி காலி. "நடவு முடிச்சுட்டு வரேங்க", "களை எடுத்துட்டு வரேங்க", "அறுப்பு முடியட்டுங்க" என்று கண்ணைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களை மட்டும் அப்பாவுக்குப் பிடிக்காது. "அஷ்டமிக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்? அஷ்டமியன்னைக்கு நீங்க கண்ணை மூடிக்கிட்டா நடக்கிறீங்க?" என்று சண்டைக்கே போவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கும் புரை விழுந்தது. வெளியே சொல்லவில்லை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார், வாசத்தை வைத்துப் பாலைக் கண்டுபிடித்தார், தேங்காயை வழக்கம்போலத் தட்டியே கண்டுபிடித்தார். கண் டாக்டர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில், எங்கள் மூக்குக்கு முன்னாலேயே இது நடந்தது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. ஒரே கட்டடத்தில் கீழே ஒரு மண்டபம், மேலே ஒரு மண்டபம். எங்கள் வீட்டுக் கல்யாணம் கீழே. அம்மா மேலே போய், முன்பின் தெரியாத மணமக்களை வாயார வாழ்த்தி, மொய்க் கவரையும் கொடுத்து, மணமகனிடம், "ஏண்டா, இளைச்சுப் போயிட்டே?" என்று கடிந்துகொண்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகக் கீழே வந்தார். "பொண்ணு நல்ல நெறம்" என்றார். எங்கள் வீட்டு மணப்பெண்ணைக் கண்ணால் பார்த்திருந்த யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா அம்மாவின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் நன்றாக முற்றியிருந்தது.

ஊர் வாயை மூட முடியுமா? "வாத்தியார் பிள்ளை மக்குங்கிற கதையா, கண் டாக்டர் சம்சாரத்துக்குக் கண்ணு தெரியலையாமே" என்று பெரியம்மாவே நேரில் கேட்டார். அப்பா அம்மாவிடம் கெஞ்சினார். அம்மா மசியவில்லை. நான் செய்கிறேன் என்றேன். "நீ மட்டும் யாருகிட்ட கத்துக்கிட்டே? அவர்கிட்டதானே?" என்று என்னையும் ஒதுக்கினார். திருச்சிக்குப் போய்ச் செய்துகொள்கிறேன் என்று பிடிவாதம். "சரி, போ" என்று அப்பா சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. எனக்கு அம்மா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

திருச்சிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அந்த டாக்டர் நல்ல மனிதர், பெரிய கை. அம்மாவைப் பரிசோதித்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். தஞ்சாவூர் என்றதும், "தஞ்சாவூரிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க? அங்கே ஒருத்தர் இருக்காரே. எங்க அம்மாவுக்கே நான் கை வைக்கப் பயந்துகிட்டு அவர்கிட்டதான் கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லி, அப்பாவின் பெயரைச் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வல்லம் தாண்டியதும், "உங்கப்பா நெசமாவே அவ்வளவு பெரிய ஆளாடி?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நீங்களே பண்ணிடுங்க" என்றார் அம்மா.

வாழ்நாள் முழுவதும் கேட்கக் காத்திருந்த சொல் அது. அப்பா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போனது. மறுநாள், இடுக்கியின் நுனி சரியாகச் சேரவில்லை, புதிதாக ஒன்று வர வேண்டும் என்றார். புதியது வந்தது. நுண்ணோக்கியின் விளக்கு மங்கல் என்றார். விளக்கு மாற்றினோம். வைரக் கத்தியின் முனையில் ஒரு பொடிச் சிதைவு தெரிவதாகச் சொன்னார். நான் பார்த்தேன், ஸ்டெல்லா சிஸ்டர் பார்த்தார், ஒரு சிதைவும் இல்லை. "எனக்குத் தெரியுது" என்றார். சாக்கெல்லாம் தீர்ந்தபோது, ஒரு நாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு அஷ்டமி. அஷ்டமி போகட்டும்" என்றாரே பார்க்கலாம்! ஸ்டெல்லா சிஸ்டர் மாதாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அம்மா மறுத்துக்கொண்டிருந்த வரையில் அப்பா பத்திரமாக இருந்திருக்கிறார். இத்தனை ஆயிரம் கண்களைத் தொட்ட கைக்கு, இந்த ஒரு கண்ணைத் தொடப் பயம். "ஏதாவது ஆயிடுச்சுன்னா அவ முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?" என்று என்னிடம் கேட்டார். 

அதற்குப் பதில் அம்மாவிடம் இருந்தது. நவமியன்று காலை, அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா உரித்த தேங்காய் ஒன்றையும் அரிவாளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதை உடைங்க."

"எதுக்கு?"

"உடைங்கங்கிறேன்."

"உனக்குத் தெரியாதா? எனக்கு வராது."

"வரலைன்னாலும் உடைங்க."

அப்பா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு போடு போட்டார். தேங்காய் கையிலிருந்து பறந்து சுவரில் மோதி, நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்தது. தேடி எடுத்து இன்னொரு போடு. ஓடு கோணல்மாணலாகப் பிளந்து, ஒரு சில்லு என் காபியில் விழுந்தது. தேங்காய்த் தண்ணீர் செய்தித்தாள் முழுவதும் ஓடியது. அம்மா, பார்வை மங்கிய கண்ணோடு குனிந்து, தரையைக் கையால் தடவிச் சில்லுகளைப் பொறுக்கினார். விரலால் ஓரங்களைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மறுவீட்டுல உடைச்ச மாதிரியே இருக்கு. கை கொஞ்சமும் மாறலை. இது மாறலைன்னா அதுவும் மாறியிருக்காது. நாளைக்கே பண்ணிடலாம்."

அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, "தசமிதானே நாளைக்கு? நல்ல நாள்தான்" என்றார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டு மரக்கவைத்துச் செய்கிற சிகிச்சை என்பதால் நோயாளி விழித்துக்கொண்டேதான் இருப்பார். பேசக் கூடாது, அசையக் கூடாது. முகத்தைத் துணியால் மூடிய பிறகு அப்பா எல்லாரிடமும் சொல்வதுபோல, "அம்மா, அசையாம இருங்க. கொஞ்ச நேரம்தான்" என்றார். துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "யாருக்கு யாரு அம்மா? நான் உங்க பொண்டாட்டி."

"பேசக் கூடாது."

"சரிங்க, டாக்டர்."

அதன் பிறகு அரங்கில் கருவி தட்டில் அமரும் ஓசைதான். நான் நுண்ணோக்கியின் பக்கத்துக் குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைரக் கத்தி உள்ளே போனது தெரியாமல் போயிற்று. வட்டம் பொட்டு வைத்தாற்போல வந்தது. வாழ்நாளில் அவர் எடுத்த மிக அழகான வட்டம் அதுதான். நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தபோது அவருடைய முகமூடி கண்ணுக்குக் கீழே நனைந்திருந்தது. "என்னத்தைங்க வச்சு வெட்டினீங்க?" என்று கேட்டார் அம்மா. "வைரம்" என்றார் அப்பா. "காதுல போட வேண்டியதைக் கண்ணுல போட்டுட்டீங்களா" என்றார் அம்மா. ஸ்டெல்லா சிஸ்டர் சிரித்ததில் ஒரு கிண்ணம் கவிழ்ந்தது. அன்று அப்பா அதற்குக் கோபப்படவில்லை.

மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் அம்மா முதலில் பார்த்தது கூரையை. "இவ்வளவு ஒட்டடைக்குக் கீழ படுக்க வச்சா ஊரு சனத்துக்கு வைத்தியம் பாக்கிறீங்க?" அடுத்து அப்பாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஏங்க, உங்களுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்றார்.  அப்பா, "உனக்கு இப்பத்தானே தெரியுது" என்றார்.

இடது கண்ணை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த அடுத்த ஆண்டு அப்பாவுக்கு வரவில்லை. சென்ற ஆண்டு மாசியில் ஒரு நாள், பகலில் மோர்ச் சோறு சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியவர் எழுந்திருக்கவில்லை. நோயில் படுக்கவில்லை, யாருக்கும் சிரமம் தரவில்லை. அவருடைய கண்களை அவர் விருப்பப்படியே கொடுத்துவிட்டோம். கண்ணை எடுக்க வந்தவர்கள் தங்கள் பெட்டியைத் திறந்தபோது, ஸ்டெல்லா சிஸ்டர் அழுதுகொண்டே அவர்களுடைய இடுக்கியின் நுனியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு இடது கண்ணைப் பற்றிப் பேசினாலே அம்மா எழுந்து போய்விடுவார். "அவரைப் பாக்க முடியாத வீட்டுல எனக்கு ரெண்டு கண்ணு எதுக்கு?" என்றார் ஒரு நாள். நான் விடவில்லை. கடைசியில் உண்மைக் காரணத்தைச் சொன்னார். நான் அம்மா வழியில் வந்தவள், தேங்காயை ஒரே போட்டில் இரண்டு சம மூடியாக உடைப்பேன். "அதான் பயமா இருக்கு. உனக்கு எங்கப்பா கை. நீ மண்டிக்குத்தான் லாயக்கு." என்ன சொல்வது இதற்கு? தேங்காய் உடைக்கத் தெரியாததால் ஒருவருக்கு மறுப்பு, தெரிந்ததால் இன்னொருவருக்கு மறுப்பு. நியாயமா இது?

இந்த ஆண்டு ஆயுத பூசை வேண்டாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மா கேட்கவில்லை. "பண்டிகை நமக்குத்தான் இல்லை. சாமான்கள் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார். அப்பாவின் பெட்டியை அவருடைய படத்துக்கு முன்னால் வைத்தோம். சாமிக்கண்ணு அண்ணன் மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தார். அம்மா அரிவாளை என்னிடம் நீட்டினார். "இனிமே நீதான் உடைக்கணும்."

பெட்டியைப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த தேங்காய் இரண்டாகத் தெரிந்தது. ஓங்கிப் போட்டேன். அது தூள் தூளாகச் சிதறியது. ஒரு சில்லு சாமிக்கண்ணு அண்ணனின் தொப்பியில் பட்டது. தேங்காய்த் தண்ணீர் அப்பாவின் படத்தில் வழிந்தது.  அப்பா போன பிறகு சிரித்தே இராத அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அழுதார். முந்தானையால் படத்தைத் துடைத்துக்கொண்டே, "பாத்தீங்களா, உங்க பொண்ணுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாள் பாரு" என்றார். நான் வேண்டுமென்றே செய்ததாக மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை மாமா.

தை மாதத்தில் அந்தக் கண்ணையும் செய்து முடித்தேன். அதே பெட்டி, அதே வைரம். முன்தினம் நானும் காலண்டரில் அஷ்டமி எங்கே இருக்கிறது என்று தேடினேன். அப்பா பட்ட பாடு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் ஒட்டடை இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கண் தானம் முடியும் வரை மின்விசிறியை நிறுத்தச் சொன்னபோது, "செத்தவருக்குக்கூடக் காத்து கிடையாதா இந்த வீட்டுல?" என்று கோபித்துக்கொண்டு, ஆனாலும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்த உறவினர்களுக்கு. காற்று பட்டால் கண் உலர்ந்துவிடும் என்பதைச் சொல்ல அன்று எனக்குத் தெம்பு இல்லை, மன்னிக்கவும். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுத் தந்த பக்கத்து வீட்டாருக்கு. சேதி கேட்டு ஆளை விட்டு அறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதல் முறையாகத் தள்ளிப்போடாமல் வந்து நின்ற நோயாளிகளுக்கு. அப்பாவின் கோபத்தை எங்களைவிட அதிகம் வாங்கிய ஸ்டெல்லா சிஸ்டருக்கும் சாமிக்கண்ணு அண்ணனுக்கும். பெரிய மனது வைத்து மீண்டும் காபி குடிக்கத் தொடங்கியிருக்கும் பெரியம்மாவுக்கு. மொய்க் கவர் யாருடையது என்று இன்றுவரை தெரியாமல் இருக்கும் கும்பகோணத்து மணமக்களுக்கும் எங்கள் வாழ்த்துகள்.

முகப்பில் உள்ள அப்பாவின் படம், அம்மாவின் வலது கண்ணைச் செய்து முடித்து, அறுவை உடையை மாற்றிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தபோது ஸ்டெல்லா சிஸ்டர் கைப்பேசியில் எடுத்தது. அவர் அப்படிச் சிரிக்கும் படம் வேறு எங்களிடம் இல்லை. உற்றுப் பார்த்தால் தெரியும், சட்டைப் பொத்தான் ஒரு காஜா தள்ளிப் போட்டிருக்கிறது. அச்சகத்துத் தம்பி, "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்மா, ஒரு நிமிஷ வேலை" என்றார். அம்மா படத்தை வாங்கி, கண்ணாடி இல்லாமலே பார்த்தார்.

"வேணாம் தம்பி. அன்னைக்கு நான் கண்ணுல கட்டோட படுத்திருந்தேன். போட்டுவிட ஆளில்லாம இப்படியே வெளிய வந்திருக்கார். இருக்கட்டும்" என்றார்.